உலைச்சுடரும் நச்சுவாயுவும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவை அடுத்த சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின் நிலையம் அமைக்கும் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. இத்தகைய உலைகளின் புகையில் கண்ணுக்குப் புலப்படும் கரியைவிட நுண்ணிய கேடொன்றும் உண்டு. அதுவே நைதரசன் ஒட்சைட்டு.

உயிர்கள் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைதரசன். அது எதனோடும் எளிதிற் சேராது. ஆயின் சுடரின் வெப்பம் ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசைக் கடந்தால் ஒட்சிசனுடன் கூடும். நிலக்கரியிலுள்ள நைதரசனும் எரிகையில் அவ்வாறே மாறும். இவ்வாயு நுரையீரலை வாட்டும், மழையை அமிலமாக்கும்.

பரிகாரம் யாது? காற்றை ஒருங்கே ஊதாது படிப்படியாகச் செலுத்தினால் சுடரின் வெம்மை தணியும். எஞ்சும் வாயுவோடு அமோனியாவைக் கலந்து ஊக்கியின்மேற் செலுத்தினால், நைதரசனும் நீராவியுமே வெளிப்படும்.

உயர்ந்த புகைபோக்கி நஞ்சைத் தொலைவுக்கு அனுப்புமேயன்றி அழிக்காது. அதனைப் பிறக்குமிடத்திலேயே தடுத்தல் வேண்டும்.