நியூஸிலாந்துப் பிரயாணி எங்கிருந்து வந்தான்?

லண்டன் மாநகரம் பாழடைந்து கிடக்கும் ஒரு காலத்தில், நியூஸிலாந்திலிருந்து வந்த பிரயாணி ஒருவன், இடிந்த பாலத்தின் மேல் நின்றுகொண்டு, செயின்ட் பால் ஆலயத்தின் சிதைவுகளைப் படமாக வரைந்துகொண்டிருப்பான் என்று யாரோ எழுதியதாக ஆங்கில இலக்கியத்தில் பழக்கமுள்ள பலருக்கு ஞாபகம் இருக்கும். எழுதியவர் யார், எதைப் பற்றிப் பேசும்போது இதைச் சொன்னார் என்று கேட்டால்தான் பதில் தடுமாறும். சாம்ராஜ்யங்களின் அழிவைக் குறித்த பிரலாபம் என்பார் ஒருவர். லண்டனுக்கு இட்ட சாபம் என்பார் மற்றொருவர். உண்மையில் அது கத்தோலிக்கத் திருச்சபையின் நீண்ட ஆயுளைப் பற்றிய வாசகம். ஞாபகத்தில் பிரயாணி தங்கிவிட்டான், திருச்சபை மறந்துபோயிற்று.

மூலத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு முதலில் அகப்படுவது பெரும்பாலும் ஒரு சித்திரந்தான். லண்டனைப் பற்றி 1872-இல் வெளிவந்த நூலொன்றுக்குப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே வரைந்த படங்களில் ஒன்றில், போர்வை போர்த்த ஓர் உருவம் கையில் ஏட்டுடன் அமர்ந்து, ஆற்றுக்கு அக்கரையில் உடைந்து நிற்கும் ஆலயத்தின் குவிமாடத்தை நோக்கிக்கொண்டிருக்கிறது. ஆயினும் டோரே அந்தக் கற்பனையின் கர்த்தா அல்லர். 1865-லேயே லண்டன் 'பஞ்ச்' பத்திரிகை, எழுத்தாளர்கள் இனி விட்டொழிக்க வேண்டிய தேய்ந்துபோன வழக்குகளில் இந்த நியூஸிலாந்துக்காரனையும் சேர்த்துவிட்டது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1774-ஆம் வருஷம் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் எழுதிய கடிதம் ஒன்று எதிர்ப்படுகிறது. அதில் லீமா நகரத்திலிருந்து வரும் பிரயாணி செயின்ட் பால் ஆலயத்தின் இடிபாடுகளைப் பார்வையிடுகிறான். தேடுகிறவர் இங்கே மகிழ்ந்து நின்றுவிடக் கூடும். நிற்கக் கூடாது என்பேன். கற்பனை ஒன்றுபோல் இருக்கிறதே தவிர, அந்தக் கடிதத்தில் நியூஸிலாந்தும் இல்லை, ரோமாபுரியின் திருச்சபையும் இல்லை.

இரண்டும் சேர்ந்து வருமிடம் 1840 அக்டோபர் மாதத்து 'எடின்பரோ ரிவியூ' சஞ்சிகை. ஜெர்மானிய சரித்திராசிரியர் ராங்கே போப்பாண்டவர்களைப் பற்றி எழுதிய கிரந்தத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு அதில் ஒரு விமரிசனம் வெளியாயிற்று. அக்கால வழக்கப்படி அதில் பெயர் இல்லை. 1843-இல் கட்டுரைத் தொகுப்பாக வந்தபோது அதைத் தம் பெயரில் வெளியிட்டவர், நமக்கு வேறொரு காரணத்தால் நன்கு பரிச்சயமான மெக்காலே. 1834 ஜூனில் சென்னையில் கப்பலிறங்கி, நீலகிரிக்குச் சென்று கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபுவைக் கண்டு, பிறகு கல்கத்தா சேர்ந்து, ஆங்கிலக் கல்வி பற்றிய குறிப்பை எழுதினாரே, அவரேதான். இந்தியாவில் ஒரு பிச்சைக்காரனையும் காணவில்லை என்று 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி அவர் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் பேசியதாக நம்மவர் பலர் இன்றும் எடுத்துக்காட்டும் பேச்சு அவருடையதன்று. அந்தத் தேதியில் அவர் கல்கத்தாவில் இருந்தார், கல்விக் குறிப்பு அந்தத் தேதியிட்டதே. திருச்சபை பற்றிய வாசகமோ அச்சில் அவர் கண்முன்னே வந்தது.

அந்தப் பக்கத்தைத் திறந்து முழுவதும் படித்தால் பிரயாணி ஒரு நீண்ட வாதத்தின் கோடியில்தான் தோன்றுகிறான். பாந்தியன் கோவிலில் பலிப் புகை எழுந்த காலத்தையும், ரோமானிய அரங்கில் ஒட்டகச்சிவிங்கிகளும் புலிகளும் பாய்ந்த காலத்தையும் நம் காலத்தோடு பிணைக்கும் ஸ்தாபனம் இது ஒன்றே என்றும், பிராங்கு மன்னன் பெப்பினுக்கு முடிசூட்டிய போப்பாண்டவர் முதல் நெப்போலியனுக்கு முடிசூட்டிய போப்பாண்டவர் வரை அறுபடாது வரும் வரிசைக்கு முன்னே ஐரோப்பாவின் ராஜவம்சங்கள் நேற்றுத் தோன்றியவையே என்றும், அதற்கு அடுத்த பழமையுடைய வெனிஸ் குடியரசே மறைந்துபோயிற்று என்றும் அடுக்கிக்கொண்டு போகிறார் மெக்காலே. கட்டுரை வெளிவந்த 1840-ஆம் வருஷம் பிப்ரவரியில்தான் வைட்டாங்கி உடன்படிக்கை கையெழுத்தாகி, நியூஸிலாந்து பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் வந்துகொண்டிருந்தது. உலகத்தின் மறுகோடியிலுள்ள அப்புதிய நாட்டிலிருந்து ஒருவன் பாழான லண்டனைக் காண வரும் அந்நாளிலும் திருச்சபை தளராத வலிமையுடன் விளங்கக்கூடும் என்பதே அவர் சொல்ல வந்தது.

இத்தனைக்கும் மெக்காலே கத்தோலிக்கர் அல்லர்; அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட ஸக்கரி மெக்காலே என்னும் தீவிர புராட்டஸ்டண்டின் குமாரர். திருச்சபையை மனித ராஜதந்திரத்தின் மகத்தான சிருஷ்டி என்றே அவர் வியக்கிறார். பக்திப் பரவசம் மிக்கவர்களை விரட்டாமல் வேலைக்கு வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு உண்டென்றும், ஏசு சபையை நிறுவிய லொயோலா ஆக்ஸ்போர்டில் இருந்திருந்தால் பிரிந்து போனவர்களின் தலைவராகியிருப்பார், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த வெஸ்லி ரோமாபுரியில் இருந்திருந்தால் புதிய சபையொன்றின் முதல் அதிபராகியிருப்பார் என்றும் அவர் காட்டும் இடம் அக்கட்டுரையிலேயே மிகச் சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

பெருமைக்காக இவ்வாசகத்தை எடுத்தாளும் கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் பிரயாணியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து வருவது அவர்களுக்கு உவப்பானதன்று. உலகில் அறிவு வளர வளர ரோமாபுரியின் செல்வாக்குத் தேயும் என்ற தம் காலத்து நம்பிக்கையை மெக்காலே அங்கே மறுக்கிறார். வானசாஸ்திரம் வளர்வது போல மதசாஸ்திரம் வளர்வதில்லை என்பது அவர் கட்சி. அப்பமும் திராட்சரசமும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்ற கோட்பாட்டுக்காக உயிரையும் கொடுக்கச் சித்தமாயிருந்தவர் என்று, மகா மேதையான தாமஸ் மோரை அவர் உதாரணம் காட்டுகிறார். அத்தகைய மேதை ஒருவர் நம்பியதை இனிவரும் யுகத்து மேதைகளும் நம்பக்கூடும், கல்வி அதற்குத் தடையாகாது என்று முடிவு கட்டுகிறார். திருச்சபையின் ஆயுளுக்கு அவர் கூறும் காரணம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.