பக்கக் காற்றும் எதிர்க் காற்றே

திருகோணமலை நகரத்திலிருந்து புல்மோட்டை வீதியில் கடலோரமாக ஒரு நாள் முழுக்கச் சைக்கிள் ஓடத் திட்டமிட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "போகும்போது காற்று எதிர்த்தால் திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும்தானே? மொத்தத்தில் கணக்குச் சரியாகிவிடாதா?"

சரியாகாது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓடும் சாதாரணச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ. பயிற்சி இல்லாத ஒருவர் களைக்காமல் பல மணி நேரம் மிதிக்கக்கூடிய அளவாக 75 வாட் வைக்கலாம். காற்றில்லாத சமதரையில் இது மணிக்கு 18 கிலோமீற்றர் வேகம் தரும். 30 கிலோமீற்றர் போய்த் திரும்ப 3 மணி 20 நிமிடம். இப்போது மணிக்கு 18 கிலோமீற்றர் காற்று எதிரே வீசட்டும். அதே மிதிப்புக்கு வேகம் 10 ஆக விழுந்துவிடும். போக மட்டும் 3 மணி நேரம். திரும்பும்போது வேகம் 28ஐத் தொடும். 1 மணி 5 நிமிடத்தில் வீடு. கூட்டினால் 4 மணி 5 நிமிடம். தள்ளிவிட்ட காற்றால் முக்கால் மணி நேரக் கடனை அடைக்க முடியவில்லை. எதிர்க் காற்றில் நாம் மெதுவாகப் போகிறோம், அதனாலேயே அதில் கிடக்கும் நேரமும் கூடுகிறது. பின்காற்றின் உதவியோ ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது.

ஆனால் புல்மோட்டை வீதியின் பிரச்சினை இது அல்ல. வரைபடத்தை விரித்து நகரத்தையும் குச்சவெளியையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டியே வரும். கோடு வடக்கிலிருந்து மேற்குப் பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் மேற்குத் தென்மேற்கிலிருந்து வருகிறது. கடற்காற்று எழுந்தால் அது கிழக்கு வடகிழக்கிலிருந்து வரும். இரண்டுமே அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழச் செங்குத்து. அப்படியானால் முகத்தில் அடிக்கும் காற்றே இல்லை என்று மனம் நிம்மதியடையும். என்னை மிகவும் கவர்ந்த பௌதிகம் தொடங்குவது இங்கேதான்: சுத்தமான பக்கக் காற்றும் உங்களைப் பின்னுக்கு இழுக்கும். போகும்போதும் இழுக்கும், வரும்போதும் இழுக்கும்.

பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் திருவிழாக் கூட்டம் நிறைந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே நேராக நடக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை பேரை இடிப்பீர்கள் என்பது நடையின் வேகத்தைப் பொறுத்தது. இடித்த ஒவ்வொருவரையும் எவ்வளவு பலமாக முன்னே தள்ளுகிறீர்கள் என்பதும் அதே வேகத்தைப் பொறுத்தது. எண்ணிக்கையையும் பலத்தையும் பெருக்கினால் வேகத்தின் வர்க்கம் வரும். காற்றுத்தடை வர்க்கமாக ஏறுவதன் இரகசியம் அவ்வளவுதான். இனி அந்தக் கூட்டம் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் வீதியைக் கடக்கட்டும். யாரும் உங்களை எதிர்த்து வரவில்லை. ஆனாலும் தோளில் வந்து மோதுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களிடம் முன்னோக்கிய வேகம் துளியும் இல்லை. மோதிய ஒவ்வொருவரையும் முன்னே இழுத்துக்கொண்டு போகும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. ஆளுக்கான பாரம் பழையபடிதான், ஆட்களின் எண்ணிக்கை ஏறிவிட்டது. நீங்கள் 18இல் போக, பக்கக் காற்றும் 18 என்றால் உடலில் மோதும் காற்றின் வேகம் 25. முன்னோக்கிய பயணத்துக்கான காற்றுத்தடை 41 சதவீதம் கூடும். அதே 75 வாட்டுக்கு வேகம் 16 ஆகக் குறைந்து, அந்த 60 கிலோமீற்றருக்கு 3 மணி 45 நிமிடம் பிடிக்கும்.

கூட்டத்துக்குள் இன்னும் கொஞ்சம் போவோம். தோளில் காவடி சுமந்தவர் அகன்று நடக்கிறார், அதிகம் பேரை இடிக்கிறார். கைப்பிடியில் கை நீட்டி, காற்றில் சாரம் உப்ப நிமிர்ந்து ஓடுபவர் அவர்தான். காவடிக்காரருக்கு நேர் பின்னே நடப்பவருக்கு வழி திறந்து கிடக்கும். ஆனால் கூட்டம் குறுக்கே பாயும்போது அந்தத் திறந்த இடம் நேர் பின்னே இருக்காது; கூட்டம் போகும் திசைக்குச் சாய்ந்து, மூலைவாட்டில் கிடக்கும். சைக்கிள் பந்தயக்காரர் பக்கக் காற்றில் வீதியை மூலைவாட்டாக மறித்து வரிசை கட்டுவது இதனால்தான். கச்சான் நாளில் வடக்கே போகும்போது இந்த மறைவான இடம் உங்கள் நண்பரின் வலது பின்புறத்தில், அதாவது பேருந்துகள் வரும் பக்கத்தில் விழும். அங்கே போக வேண்டாம். தெற்கே திரும்பும்போது அது இடது பின்புறம், வீதியோரத்தில் வரும். அப்போது மாறி மாறி முன்னே ஓடுங்கள்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பந்தி. 1885இல் ஸ்டார்லியின் ரோவர் வண்டி இன்றைய சைக்கிளின் வடிவத்தைத் தந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த ரயரைத் தந்தார். 1933இல் பிரான்சுக்காரரான ஃபிரான்சிஸ் ஃபோர், மல்லாந்து படுத்து மிதிக்கும் வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடி உலகச் சாதனையை முறித்தார். அடுத்த ஆண்டே சர்வதேசச் சைக்கிள் சங்கம் அந்த வகை வண்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. காற்றை வென்ற வடிவம் விதியிடம் தோற்றது. அதற்குப் பின் வந்த மாற்றங்களில் பெரும்பகுதி எடையைப் பற்றிய விளம்பரம்தான். சமதரையில் வண்டியின் எடையை 5 கிலோ குறைத்தால் மொத்தத் தடையில் 3 சதவீதம்கூடக் குறையாது. முழங்கையை மடித்து உடலைச் சற்றுத் தாழ்த்தினால் காற்றுத்தடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று போய்விடும், அதுவும் செலவில்லாமல். இலட்சக்கணக்கில் கொடுத்து கார்பன் சட்டம் வாங்க நினைப்பவர்கள் முதலில் கையை மடித்துப் பார்க்கட்டும்.

விளம்பரம் என்றதும் சுற்றுலாப் படங்கள் நினைவுக்கு வருகின்றன. நிலாவெளிக் கடல் அலையில்லாமல் பளபளக்க, கரையில் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கும். அந்தக் கடலைப் பார்த்துக் காற்றை அளக்கக் கூடாது. அலை வளரக் காற்று நீர்ப்பரப்பின் மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். கச்சானோ தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையோரத்தில் அதற்கு அந்தத் தூரம் கிடைப்பதில்லை. வீதியில் சைக்கிளைத் தள்ளாட வைக்கும் காற்று அடிக்கும்போதே கரையில் கடல் அசையாமல் கிடக்கும். காற்றடைத்த மிதவையில் குழந்தைகளைக் கடலில் விடும் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காற்று மிதவையைப் புறாத்தீவுப் பக்கம் தள்ளிக்கொண்டே போகும்.

கைபேசிச் செயலியும் முழுதாக உதவாது. அது சொல்லும் வேகம் தரையிலிருந்து 10 மீற்றர் உயரத்துக்கானது. உங்கள் தோள் மட்டத்தில் காற்று அதைவிடக் குறைவு. மேற்கே மரவரிசையோ மதிலோ இருந்தால் இன்னும் குறைவு. மர உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைகூட அந்த மறைவு நீளும். இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறியதும் மறைவு சட்டென்று அறும், காற்று ஒரே தள்ளாகத் தள்ளும். கைப்பிடியை இறுகப் பிடிக்காமல், உறுதியாக மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

செயலியைவிட நம்பகமானது கடிகாரம். கச்சான் இரவில் ஓய்வதில்லை. மேலே சில நூறு மீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து பாரமாகிப் படிந்துவிடுவதால் மேலே ஓடும் காற்றின் வேகம் கீழே இறங்க முடிவதில்லை. வெயில் ஏறித் தரை சுட்டதும் கீழ்க்காற்று எழும்பி மேல்காற்றோடு கலக்கும். மேலே இருந்த வேகம் அப்போது வீதிக்கு வந்து சேரும். காலை ஆறு மணியின் அமைதியை நம்பி பகல் முழுவதற்கும் திட்டம் போடுகிறவர்கள் பத்து மணிக்கு ஏமாறுகிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. கச்சான் காலத்தில் புல்மோட்டை வீதியை விட்டுவிட்டு, துறைமுகத்தைச் சுற்றிச் சீனக்குடா வழியாகக் கிண்ணியாவுக்குப் போங்கள். அந்தப் பாதை மொத்தத்தில் தென்மேற்கு நோக்கியது. விடியலில் காற்று படுத்திருக்கும்போது அதை எதிர்த்துப் போய், 2009இல் திறந்த, 400 மீற்றரை நெருங்கும் கிண்ணியாப் பாலத்தில் நின்று கொட்டியாரக் குடாவைப் பார்த்துவிட்டு, காற்று முழுப் பலத்தோடு எழும்பியதும் அது தள்ளத் திரும்பலாம். திருகோணமலை உலகின் இரண்டாவது பெரிய இயற்கைத் துறைமுகமா, ஐந்தாவதா என்ற பேச்சு அளக்கும் முறையைப் பொறுத்து மாறும். அந்தப் பாலத்திலிருந்து பார்ப்பதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. குச்சவெளிப் பயணத்தை வாடை அடங்கிக் கச்சான் தொடங்காத பங்குனி, சித்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ச்சியான தனிச் சைக்கிள் பாதை அங்கே இல்லை. ஓடப்போவது பேருந்தும் லொறியும் ஓடும் வீதியில்தான் என்பதால் பின்விளக்கு கட்டாயம்.

பின்காற்றில் திரும்பும்போது தண்ணீரை மறந்துவிடாதீர்கள். காற்றின் வேகத்துக்கே நீங்களும் போனால் உடலில் காற்றே படாது, வியர்வை உலராது, சூடு ஏறும். எதிர்த்துப் போகும்போதோ கச்சானின் வறட்சி வியர்வையைத் தெரியாமலே உறிஞ்சிவிடும். தாகம் எடுக்குமுன்னே குடியுங்கள், விடியுமுன் புறப்படுங்கள், புல்மோட்டை வீதியில் என்றால், ஒன்பது மணிக்கு எந்த ஊரில் நிற்கிறீர்களோ அங்கேயே வண்டியைத் திருப்புங்கள்.