முதலாளிக்கு விருது: முதல் மாதத்திலா, இரண்டாம் ஆண்டிலா?

சந்தேகங்களும் விளக்கங்களும்

திருநர்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்ட முதல் இந்திய மாநிலம் கேரளம். அது 2015-இல். அதற்கு முன்னோடியாக எடுத்த கணக்கெடுப்பில், நிரந்தர வேலை இருப்பதாகச் சொன்னவர்கள் 11.6 சதவீதம் பேர்தான். மாத வருமானம் ஐயாயிரம் ரூபாயைக்கூடத் தொடாதவர்கள் பாதிக்கு மேல். கொள்கை வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. திருநர்களை முறையாக நடத்தும் நிறுவனங்களை அரசு ஊரறியப் பாராட்டினால் மற்றவர்களும் வழிக்கு வருவார்கள் என்பது ஒரு யோசனை. திருவனந்தபுரத்தில் சாலை பஜார் கடைக்காரரிலிருந்து டெக்னோபார்க் ஹெச்.ஆர். அதிகாரி வரை இதைப் பற்றி எழக்கூடிய சந்தேகங்கள் சில.

பாரபட்சம் கூடாது என்று சட்டமே இருக்கும்போது, அதன்படி நடப்பதற்கு விருது எதற்கு?

நியாயமான கேள்வி. 2019-இல் நிறைவேறிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரி 10 முதல் அமலில் இருக்கிறது. வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது 9-ஆம் பிரிவு. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது 11-ஆம் பிரிவு. இதைச் செய்ததற்கே மாலை போடுவது, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டியவருக்குப் பரிசு கொடுக்கிற கதைதான்.

ஆனால் சட்டத்துக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு. நேர்காணலுக்கு வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இப்போதைக்கு ஆள் தேவையில்லை” என்று ஒரு முதலாளி அனுப்பிவைத்தால் அது பாரபட்சம் என்று எப்படி நிரூபிப்பது? வேலைக்குள் வந்தவருக்காவது சட்டம் துணை நிற்கும். வாசலிலேயே திரும்பியவருக்கு அதனால் பெரிய பலன் இல்லை. கதவைத் திறக்க வைப்பதற்குத்தான் பாராட்டு தேவைப்படுகிறது.

இதற்கென்று புதிதாக ஒரு விருது வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. கேரளத் தொழிலாளர் துறை ஏற்கெனவே ஜவுளிக்கடை, நகைக்கடை, ஓட்டல், ஐ.டி. என்று துறைவாரியாக நல்ல நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, முதலமைச்சரின் எக்ஸலன்ஸ் விருதும் வஜ்ர, சுவர்ண சான்றிதழ்களும் வழங்கிவருகிறது. தொழிலாளர் சட்டங்களை மதிக்கிறார்களா, பெண்கள் வேலை செய்ய ஏற்ற இடமா என்றெல்லாம் அதில் பார்க்கிறார்கள். அந்த மதிப்பெண் பட்டியலில் திருநர் பணியாளர் பற்றிய கேள்விகளையும் சேர்த்தால் போதும்.

தனி விருது என்றால் ஆண்டுதோறும் அதே நான்கைந்து பெரிய கம்பெனிகள்தான் விண்ணப்பிக்கும். பொது விருதின் படிவத்தில் கேள்வி இருந்தால் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை ஜவுளிக்கடை முதலாளியும் அதைப் படித்தாக வேண்டும். ஜவுளிக்கடைப் பெண்கள் பணி நேரத்தில் உட்காரும் உரிமை 2018-இல்தான் கேரளத்தில் சட்டமானது. ஒரு ஸ்டூலுக்கே அத்தனை போராட்டம் என்றால், மற்றதைத் தானாகச் செய்வார்கள் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

மற்ற இடங்களில் என்ன நடக்கிறது?

தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் சிறந்த திருநங்கைக்கு ஒரு லட்சம் ரூபாயும் சான்றிதழும் தருகிறது. அது சாதித்தவருக்கு, வேலை கொடுத்தவருக்கு அல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கு நல்ல முறையில் வேலை தரும் நிறுவனங்களுக்கு மத்திய அரசின் தேசிய விருதில் இடம் உண்டு. தனியார் தரப்பில் ‘இந்தியா வொர்க்பிளேஸ் ஈக்வாலிட்டி இண்டெக்ஸ்’ என்ற மதிப்பீடு 2020 முதல் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்துவருகிறது. அமெரிக்காவில் இது போன்ற மதிப்பீடு 2002-லேயே தொடங்கிவிட்டது. இந்த மதிப்பீடுகளில் பெரும்பாலும் நிறுவனங்களே தங்களைப் பற்றிப் படிவம் நிரப்பித் தருகின்றன. படிவம் நிரப்ப ஆள் இல்லாத சிறு கடை எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும் கணக்கில் வராது.

எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார்கள் என்று எண்ணினால் போதாதா?

போதாது. கேரளமே இதற்குச் சாட்சி. 2017 ஜூன் 17 அன்று பிரதமர் கொச்சி மெட்ரோவைத் தொடங்கிவைத்தார். குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் அமைப்பு வழியாக 23 திருநர்களுக்கு அங்கே வேலை ஒதுக்கப்பட்டிருந்தது. டிக்கெட் கவுண்டரில் சிலர், துப்புரவுப் பணியில் சிலர். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அன்றைக்கே விருது கொடுத்திருந்தால் யாரும் ஆட்சேபித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ரயில் ஓடத் தொடங்கிய ஒரு வாரத்திலேயே, பணியில் சேர்ந்த 21 பேரில் எட்டுப் பேர் விலகிவிட்டதாகச் செய்தி வந்தது. முக்கியமான காரணம் மெட்ரோ நிலையத்துக்கு வெளியே இருந்தது: திருநர் என்று தெரிந்ததும் யாரும் வீடு வாடகைக்குத் தரவில்லை. நாள் வாடகைக்கு லாட்ஜில் தங்கினால் சம்பளம் அங்கேயே கரைந்துவிடும். ஷிப்ட் முடிந்து இரவில் எங்கே போவது என்று தெரியாதவர் அடுத்த நாள் காலை ஷிப்டுக்கு எப்படி வருவார்? தங்குமிடத்துக்கு ஏற்பாடு செய்யும் முயற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஆகவே, வேலைக்குச் சேர்ந்த நாளின் போட்டோவுக்கு மதிப்பெண் தரக் கூடாது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள், ஒருவருக்காவது ஊதிய உயர்வு கிடைத்ததா, விலகியவர் ஏன் விலகினார் என்று பார்க்க வேண்டும். விலகியவரிடமே கேட்க வேண்டும்.

யாருக்கு விருது என்பதிலும் ஒரு சிக்கல். துப்புரவு, செக்யூரிட்டி வேலைகள் பெரும்பாலும் காண்ட்ராக்ட்டில் போகின்றன. பெயர்ப்பலகை பெரிய நிறுவனத்துடையது. சம்பளம் போடுவது ஏஜென்சி. விருதை ஒருவர் வாங்கிக்கொண்டு, பி.எஃப். பாக்கியை இன்னொருவர் தலையில் கட்ட விடக் கூடாது. இரு தரப்பு ரிஜிஸ்டரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கள் கடையில் ஆறு பேர்தான். தனிக் கழிப்பறைக்கு எங்கே போவது?

தனியாக ஒன்று கட்ட வேண்டியதில்லை. திருநர் சட்டத்தின் 2020 விதிகள் சொல்வது எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை. உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை இருந்தால் சிறு கடைக்கு அதுவே போதும். தாழ்ப்பாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கஸ்டமர் முகம் சுளித்தால்?

சிலர் சுளிக்கலாம். 2019-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைரளி டிவி, திருநங்கையான ஹெய்தி சாதியாவைச் செய்தியாளராகச் சேர்த்தது. அவர் முதலில் செய்தி கொடுத்தது சந்திரயான் 2 பற்றி. திருநர் பிரச்சினைக்கு மட்டும் அவரை அனுப்பவில்லை. நேயர்கள் நிலவைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்கள். முதலாளி முகம் சுளிக்காத இடத்தில் கஸ்டமரும் சீக்கிரம் பழகிவிடுவார்.

எங்கள் பணியாளர்களில் திருநர் யாரும் இல்லையே, எங்களுக்கு மதிப்பெண் கிடைக்காதா?

இல்லை என்று எப்படித் தெரியும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளம் முழுவதும் ‘மற்றவர்’ என்று பதிவானவர்கள் 3,902 பேர். மூன்று கோடிக்கு மேல் மக்கள் உள்ள மாநிலத்தில், சொல்லாமல் இருப்பவர்களே அதிகம் என்பதைத்தான் இந்த எண் காட்டுகிறது. பணியாளரின் பாலின அடையாளத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் விதிகளில் இருக்கிறது. விருதுக் கமிட்டி வருகிறது என்று யாரையும் மேனேஜர் கூப்பிட்டு நிறுத்திக் காட்டினால், அந்த ஒன்றுக்கே விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யலாம்.

படிப்பும் பயிற்சியும் கொடுத்தால் வேலை தானாக வராதா?

ஆடம் ஹாரியைக் கேட்க வேண்டும். திருநம்பியான அவர் விமானியாகப் பயிற்சி பெறக் கேரள அரசு 23.34 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி விமானப் பயிற்சி அகாடமியில் சேர்ந்தார். ஹார்மோன் சிகிச்சையைக் காரணம் காட்டி மருத்துவச் சான்றில் தடை வந்தது. திருநர் விமானிகளுக்கான மருத்துவ வழிகாட்டுதல்கள் 2022-இல்தான் வெளிவந்தன. பணம் இருந்தது, பயிற்சி நிலையம் இருந்தது. ஒரு காகிதத்துக்காக ஆண்டுகள் போயின.

விருது வாங்கிய இடத்திலேயே அவமதிப்பு நடந்தால்?

நடக்கக்கூடியதுதான். ஒரு திருநங்கை ஆசிரியைக்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு பள்ளியிலும் குஜராத்தில் இன்னொரு பள்ளியிலும் வேலை பறிபோன வழக்கில், 2025 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சமவாய்ப்புக் கொள்கையை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் அமைத்தது. சட்டம் வந்து ஐந்தாண்டுக்கு மேல் ஆகியும் பல நிறுவனங்களில் புகார் அலுவலரே இல்லை என்பதால்தான் இந்த நிலை.

விதிப்படி, புகார் வந்த 15 நாளில் அலுவலர் விசாரித்து முடிக்க வேண்டும். அறிக்கை கிடைத்த 15 நாளில் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். உடல், மன, பொருளாதாரக் கொடுமை என்றால் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சான்றிதழ் கொடுத்த துறைக்கு அதைத் திரும்பப் பெறும் அதிகாரமும் வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் சான்றிதழை மாட்டுகிறவர், புகார் அலுவலரின் பெயரையும் போன் நம்பரையும் அதன் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும் என்று நிபந்தனை போடலாம்.