வாக்கற்றவர் முன்னிலையில்

சென்ற வாரம் துரைமார் மலைநாட்டில் எழுப்பிய தேவாலயங்களைப் பற்றியும், 1854-இல் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷனைப் பற்றியும் எழுதினேன். ஞாயிறன்று ஆலயத்தில் முழங்காலிட்டுவிட்டு மறுநாள் காலை தொழிலாளரைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று தளர்ந்த பெண்ணுக்கு அரைநாட் சம்பளமாகிய அரைப்பேர் போடச் சொன்னவரின் பக்தி மெய்தானா என்னும் வினா அங்கே எஞ்சி நின்றது. மனிதனுடைய இருதயத்தை மனிதன் தீர்ப்பிடலாகாது என்பதை நான் முற்றாக ஒப்புக்கொள்கிறேன்; ஆயினும் தேசிய வாழ்வில் ஒருவர் பகிரங்கமாகக் காட்டும் சமயப்பற்றைப் பரிசோதிக்க இந்நாட்டின் சரித்திரமே வாக்குரிமை என்னும் உரைகல்லை நமக்குத் தந்திருக்கிறது.

1931-இல் டொனமூர் அரசியல் திட்டம் சர்வஜன வாக்குரிமையைக் கொண்டுவந்த பின்னர், ஆங்கிலம் கற்ற அங்கிலிக்கன் குடும்பங்களிற் பிறந்து கிறிஸ்தவர்களாக வளர்ந்த பிரமுகர் சிலர் பெரும்பான்மை மக்களின் மதத்தைத் தழுவி மேடையேறினர். டொனமூர் பௌத்தர் என்று ஊரார் அவர்களுக்குப் பெயரிட்டனர். மகா முதலியாரின் புதல்வராகப் பிறந்து ஒக்ஸ்போர்டிலே பயின்று திரும்பிய எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா பௌத்தரானதும் தேசிய உடைக்கு மாறியதும் யாவரும் அறிந்தவை. மதம் மாறுவது மனிதனின் உரிமை. புத்தர்பிரான் போதித்த தர்மத்தில் அவர் மனம் உண்மையாகவே தோய்ந்திருக்கவுங் கூடும். ஆனால், வாக்கு வந்த திசையைப் பார்த்துக் கூப்பப்பட்ட கரங்களுக்கு அந்தத் திசையை மீறும் சுதந்திரம் பின்னர் இருப்பதில்லை. 1957-இல் தமிழரசுக் கட்சியின் தலைவர் தந்தை செல்வாவுடன் தாமே கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தை, பிக்குகள் வீட்டு வாசலில் வந்தமர்ந்து எதிர்த்தபோது 1958-இல் அவர் கைவிட்டார். 1959 செப்டெம்பரில் காவியணிந்த ஒருவரின் துப்பாக்கிக்கே இரையானார்.

இனி மலையகத்துக்கு வருவோம். 1947 தேர்தலில், இறம்பொடை வேவண்டன் தோட்டத்தைச் சேர்ந்த சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1952-இல் தொண்டமான் சார்ந்த இலங்கை இந்தியர் காங்கிரஸின் பிரதிநிதி என்று சொல்ல அந்தச் சபையில் ஒருவரும் இல்லை. இலட்சக்கணக்கான தொழிலாளர் இவ்வாறு வாக்கற்றவராயினர். அன்றுதொட்டு, கொழுந்துக் கூடையைச் சுமந்தவளுக்கு வணக்கம் சொல்வதால் எந்த அரசியல்வாதிக்கும் எந்த ஆதாயமும் இல்லாது போயிற்று. ஆகையால், அதன்பின் வந்த நாற்பது ஆண்டுகளில் அவளுக்காகப் பேசியவர் எவரோ, அவருடைய சமயத்தை நான் ஐயமின்றி நம்புகிறேன்.

அவர்களில் முதல்வராக வைக்கத்தக்கவர் தந்தை செல்வா எனப்பட்ட சா. ஜே. வே. செல்வநாயகம். தெல்லிப்பழைப் புரட்டஸ்தாந்தக் குடும்பத்தவர். நலிந்த தேகமும் மெல்லிய குரலும் உடைய சட்டத்தரணி. மாவிட்டபுரமும் கீரிமலையும் அடங்கிய, சைவம் செழித்த காங்கேசன்துறைத் தொகுதியின் பிரதிநிதி. தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதால் அவருடைய தொகுதியில் எந்த வேலியும் சாயப்போவதில்லை. அப்போது தாம் சார்ந்திருந்த தமிழ்க் காங்கிரஸின் தலைவரைப் பின்பற்றி அரசாங்கத்தின் பக்கம் அமர்ந்திருந்தால் பதவிகளும் கிட்டியிருக்கும். அவரோ இன்று அவர்களுக்கு நேர்வது நாளை நமக்கும் நேரும் என்று எச்சரித்து, அக்கட்சியை விட்டு வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952-இல் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகனான நடேசனிடம் அவர் தோற்றார். தோற்றபின்னும் வாக்குக்காக அவர் மதம் மாறவில்லை. தம்முடைய விசுவாசத்தை மேடையிற் கொண்டுவந்து நிறுத்தி அனுதாபம் தேடவுமில்லை. கதவை அடைத்துக்கொண்டு அந்தரங்கத்திலே ஜெபிக்கும்படி மலைப்பிரசங்கத்தில் இயேசுநாதர் போதித்ததை இவ்வளவு அடக்கத்தோடு அரசியலிற் கைக்கொண்ட வேறொருவரை நம் நாட்டில் நான் அறியேன். 1956-இல் அதே சைவத் தொகுதி அவரைத் தெரிந்தனுப்பியது. அவ்வாண்டு ஜூன் 5-ஆந் தேதி காலிமுகத் திடலில் அவருடைய சத்தியாக்கிரகிகள் அடிபட்டார்கள், திருப்பி அடிக்கவில்லை.

சிங்களவரிடையேயும் இத்தகையோர் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவது அநீதி. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கொடுமையின்பின், உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் பாதிக்கப்பட்டோரிடம் சென்றார். நடந்தது ஒழுக்கக் கேடான குற்றமென்று சிங்களவராகிய நாம் ஏற்று வெட்கப்பட வேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தம் சபையாருக்கே எழுதினார். தம் இனத்தவர் கேட்க விரும்பாததை அவர்களிடமே சொன்ன அந்த மனிதர் அவ்வாண்டு ஒக்டோபரில் காலமானார். கண்டியில் 1972-இல் சத்யோதய நிலையத்தை நிறுவி, தோட்ட மக்களின் உரிமைக்காகவே தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட இயேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸைப் பற்றி அடுத்த வாரம் விரிவாக எழுதுவேன்.

1988-இலும் 2003-இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் பிரஜாவுரிமை மீண்டது. அதனோடு கூப்பிய கரங்களும் மீண்டன. இன்று தேர்தற் காலத்தில் இறம்பொடைப் பாதையில் ஏறிவரும் வாகனங்கள் கோவிலிலும் நிற்கின்றன, தேவாலயத்திலும் நிற்கின்றன. பரிவட்டமும் ஆசீர்வாதமும் பெற்றவர்கள் லயத்துக் கூரையை நிமிர்ந்து பாராமலே திரும்புகின்றனர். அவர்களை வரவேற்று முன்வரிசையில் அமர்த்தும் நம் குருமாரும் சபை மூப்பரும் இதற்குப் பொறுப்பாளிகளே. பலிபீடத்தருகே நாற்காலி போடுவதற்கு முன், காணி உறுதி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

2023-இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையர் வந்த தடத்திலே ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அதனை ஒழுங்குசெய்தோரில் தேசிய கிறிஸ்தவ மன்றமும் ஒன்று. ஜூலை 28-ஆந் தேதி புறப்பட்டு ஓகஸ்ட் 12-ஆந் தேதி மாத்தளையை அடைந்த அந்தக் கூட்டத்தில் சகல சமயத்தாரும் நடந்தனர். அவர்கள் கேட்டவை காணி, வீடு, நியாயமான ஊதியம், இந்நாட்டின் ஏனைய குடிகளோடு சமமான மதிப்பு என்பவையே. அக்கோரிக்கைகளில் காணி இன்னும் கொடுபடவில்லை.