ஆறாத புண்ணும் ஈரக் கட்டும்



எங்கள் அறுவை சிகிச்சை வார்டுக்கு வருகிறவர்கள், நோயாளியின் கால் கட்டிலிருந்து ஒரு குழாய் சிறு பெட்டிக்குப் போவதைக் கண்டு, "குளுக்கோஸ் ஏற்றுகிறீர்களா?" என்று கேட்பதுண்டு. ஏற்றவில்லை, உறிஞ்சுகிறோம். அது என்னவென்று இந்த இதழில் விளக்குகிறோம்.

"புண்ணைக் காற்றாட விடு, காய்ந்தால் ஆறிவிடும்" என்பது நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லி வருவது. மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் உலர்ந்த காஜ் துணியை வைத்தே கட்டினார்கள். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் சிலவற்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடியும் சிலவற்றைத் திறந்தும் வைத்துப் பார்த்தார். மூடி ஈரமாயிருந்தவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. புதுத்தோலின் செல்கள் ஈரத்தில்தான் நகரும். பொருக்குத் தட்டிவிட்டால் அதன் அடியில் ஈரம் தேடிப் போக வேண்டியிருக்கிறது. உலர்ந்த துணியோ புண்ணில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் உரிக்கும்போது நேற்று வளர்ந்த சதையும் கூடவே வந்துவிடும். வலியைச் சொல்லவே வேண்டாம்.

ஈரம் என்றால் ஊற வைப்பதல்ல. சுற்றிலும் தோல் வெளுத்து ஊறினால் புண் அகலும். ரத்த ஓட்டம் நின்று கறுத்து உலர்ந்துபோன விரலுக்கு ஈரக் கட்டு ஆகாது. அதை உலர்வாகவே காப்பது வழக்கம்.

ஆழமான, நீர் வடியும் புண்ணுக்கு இந்தக் கட்டு மட்டும் போதாது. அங்கேதான் அந்தப் பெட்டி உதவுகிறது. புண்ணின் அளவுக்கு வெட்டிய ஸ்பாஞ்சைக் குழிக்குள் வைத்து, மேலே ஒட்டும் தாளால் காற்றுப் புகாமல் மூடி, குழாய் வழியாக மெதுவாக உறிஞ்சுகிறோம். வழக்கமான அழுத்தம் 125 மில்லிமீட்டர் பாதரசம். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆர்ஜென்டா, மோரிக்வாஸ் என்ற இருவர் 1997-ல் இம்முறையை விவரித்து எழுதினார்கள். கசிவு வெளியேறி, வீக்கம் வடிந்து, புண்ணின் ஓரங்கள் நெருங்கி, அடியில் சிவந்த புதுச்சதை எழும்புகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்பாஞ்சை மாற்றினால் போதும். தினமும் கட்டுப் பிரிக்கும் வேதனை இல்லை.

ஆனால் செத்த சதையை முதலில் வெட்டி எடுத்திருக்க வேண்டும். ரத்தக் குழாய் வெளியே தெரிந்தாலோ, புண்ணில் புற்றுநோய் இருந்தாலோ இதைப் பொருத்தக் கூடாது. இரவில் கரண்ட் போய், பாட்டரியும் தீர்ந்து, உறிஞ்சுதல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் ஸ்பாஞ்சே கிருமிகளுக்கு வீடாகிவிடும். உடனே பிரித்து, சலைனில் நனைத்த காஜ் வைத்துக் கட்ட ஒரு நர்ஸ் விழித்திருக்க வேண்டும். பெட்டி வாங்குவதைவிட இதுவே கடினம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களிடம் வரும் ஆறாப்புண்கள் பெரும்பாலும் உள்ளங்காலில், சர்க்கரை வியாதியாலோ தொழுநோயாலோ உணர்ச்சி மரத்தவர்களுக்கு வருகிறவை. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் பாதம் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் புண்ணின்மேலேயே நடந்து நடந்து அழிகிறது என்று கண்டறிந்து சொன்னார். அத்தகைய பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு, எடை ஓரிடத்தில் விழாமல் காத்தபோது புண்கள் ஆறின. பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்கும் இம்முறை பயன்பட்டது. ஆகவே எந்த ஸ்பாஞ்சு வைத்தாலும், நோயாளி எழுந்து அதே காலை ஊன்றி நடந்தால் எங்கள் உழைப்பு வீணே. ரத்த ஓட்டமே இல்லாத காலை இந்தப் பெட்டியால் காப்பாற்ற முடியாது. அப்படிச் சிலருக்குக் காலை எடுக்கவே நேருகிறது.

உறிஞ்சும் பெட்டி வாங்கித் தருவதாக நண்பர்கள் சிலர் எழுதுகிறார்கள். மிக்க நன்றி. எங்களைக் கேட்டால், எங்கள் செருப்புப் பட்டறைக்கே முதலிடம் தருவோம். புண் ஆறிய நோயாளி வீடு திரும்பும் நாளில், மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரில் அவர் பாதத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஒரு ஜோடி செருப்பு தயாராக இருக்க வேண்டும். அது இல்லாமல் போனவர்களில் பலர் அதே இடத்தில் அதே புண்ணோடு திரும்பி வருகிறார்கள்.