எலிக்கணக்கு: ஏக்கருக்குக் கிட்டி எத்தனை, காசு எவ்வளவு?

கதிர்ப் பருவத்தில் ஒரு எலியை 30 இரவு வயலில் விட்டுவைத்தால் விவசாயிக்கு 75 ரூபாய் நட்டம். வரப்பில் வளை தெரிந்த பிறகு பதறி ஓடுவதற்குப் பதில், நாற்று விடும் முன்பே இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு செலவைத் திட்டமிட்டால் காவிரி டெல்டாவில் எத்தனையோ மூட்டை நெல் வீடு வந்து சேரும். அதனால்தான் இந்தக் கணக்கை வரி வரியாகப் போட்டுப் பார்க்கிறேன். கருவி விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். இங்கே நான் எடுத்துக்கொண்ட விலைகளை நீக்கிவிட்டு உங்கள் ஊர் விலையைப் போட்டாலும் கணக்கின் போக்கு மாறாது.

பற்று: எலி எடுப்பது

ஒரு ஏக்கர், அதாவது 3 மா. விளைச்சல் 2,400 கிலோ என்று கொள்வோம். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ என்பதால் அது 60 சிப்பம். 2025–26 பருவத்தில் ஊக்கத்தொகையோடு சேர்த்துத் தமிழ்நாட்டில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். கணக்குக்குக் கிலோ 25 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு எலி ஓர் இரவில் 11 முதல் 176 தூர்கள் வரை சேதப்படுத்தும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. தின்பதைவிட வெட்டிச் சாய்ப்பதே அதிகம். கீழ்ப்பக்கமாக 50 தூர் என்றே வைப்போம். ஒரு கதிரில் 100 மணி, ஆயிரம் மணிக்கு 20 கிராம் என்றால் கதிருக்கு 2 கிராம்.

50 தூர் × 2 கிராம் = இரவுக்கு 100 கிராம்
30 இரவு = 3 கிலோ
3 கிலோ × 25 = 75 ரூபாய்

ஏக்கருக்கு 40 எலி இருந்தால் 120 கிலோ. 3 சிப்பம், 3,000 ரூபாய், விளைச்சலில் 5 விழுக்காடு. தூர் கட்டும் பருவத்தில் வெட்டுப்பட்ட பயிர் மறுபடி தூர் விட்டு ஓரளவு தேறிவிடும். பொதி கட்டிய பிறகு வெட்டுப்பட்டால் தேறாது. அதனால் கடைசி 30 இரவை மட்டுமே பற்றில் எழுதியிருக்கிறேன். வரப்பெலி வளைக்குள் கதிரைக் கொண்டுபோய்ச் சேர்த்து வைப்பது இதில் சேரவில்லை.

முதல் வரி: கிட்டி

தஞ்சாவூர் எலிக்கிட்டி மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்துக் கயிறு பூட்டிச் செய்வது. எக்டேருக்கு 100 என்பது பரிந்துரை. ஏக்கருக்கு 40, மாவுக்கு 13 அல்லது 14. அந்தியில் வரப்பை ஒட்டி, எலித்தடம் தெரியும் இடத்தில் நட்டு, விடியலில் எடுக்க வேண்டும். பகலில் விட்டுவைத்தால் பறவையும் அணிலும் மாட்டும்.

ஒரு கிட்டி 50 ரூபாய், 4 போகம் உழைக்கும் என்று கொள்வோம். 40 கிட்டிக்கு 2,000, போகத்துக்கு 500. கிட்டிக்கு 5 கிராம் அரிசி வீதம் 3 இரவுக்கு 600 கிராம், 30 ரூபாய். மாலையில் 1 மணி நேரம், விடியலில் 1 மணி நேரம் என்று 3 நாளுக்கு 6 மணி நேர வேலை. 100 நாள் வேலைத் திட்டத்தில் 2025–26 கூலி 336 ரூபாய். அதைவிடக் குறைத்துக் கொடுத்து யாரையும் இருட்டில் வரப்பில் இறக்கக் கூடாது. 400 என்று எழுதுகிறேன்.

அடுத்தது பலரும் கணக்கில் சேர்க்காத செலவு: முழங்கால் வரை ரப்பர் காலணி, கையுறை, தலைவிளக்கு. எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு, அதிலும் வெடிப்போ புண்ணோ உள்ள காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். எலி வளையில் எலிதான் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது; நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் அங்கே தங்கும். ஒருவருக்கு 800 ரூபாய் வைத்தால் 4 போகத்தில் போகத்துக்கு 200.

ஒரே ஏக்கருக்குத் தனியாகச் செய்தால்: 500 + 30 + 400 + 200 = 1,130 ரூபாய். 40 கிட்டி 3 இரவு வைத்தால் 120 முறை. நூற்றுக்கு 15 விழுந்தால் 18 எலி. எலிக்கு 63 ரூபாய். 75 ரூபாய் நட்டத்தைத் தடுக்க 63 செலவு என்றால் மிச்சம் சொற்பம்.

அதே 40 கிட்டி பக்கத்து வயல்களுக்கும் சுற்றினால் கணக்கு மாறுகிறது. ஓர் ஏக்கருக்கு 3 இரவு வீதம் 30 இரவில் 10 ஏக்கர் முடியும். கிட்டிச் செலவு ஏக்கருக்கு 50 ஆகிறது, காலணி கையுறைச் செலவு 20. அரிசியும் கூலியும் சேர்த்து மொத்தம் 500 ரூபாய். அதே 18 எலிக்குத் தலா 28 ரூபாய். கிட்டி வீட்டுப் பரணில் கிடக்கும் இரவுதான் அதற்கு ஆகும் பெரிய செலவு. கூட்டாக வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒருவர் வயலை மட்டும் துடைத்தால் காலியான வளைகளுக்குப் பக்கத்து வயல் எலி குடியேறிவிடும்.

இரண்டாம் வரி: எலி பிடிப்பவரின் கூலி

எலிக்கு இவ்வளவு என்று பேசிக் கிட்டி வைப்பவர்களை அழைப்பது டெல்டாவில் வழக்கம். எலிக்கு 30 ரூபாய், ஒருவர் இரவில் 100 கிட்டி, அதில் 15 எலி என்றால் அவருக்கு 450 ரூபாய். பயிரில் சேதம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கிடைக்கும் வருமானம் இது. நட்ட புதிதில் எலி குறைவு. 100 கிட்டிக்கு 5 விழுந்தால் 150 ரூபாய்தான். அதற்கு யாரும் வர மாட்டார்கள், வரவும் முடியாது.

ஆனால் விவசாயிக்கு மிக அதிக லாபம் தருவது அந்த ஆரம்பகால எலிதான். வரப்பெலியின் சினைக்காலம் ஏறக்குறைய 3 வாரம். ஓர் ஈற்றுக்கு 7 குட்டி என்றால் ஒரு போகத்தில் 2 ஈற்றுக்கு 14. அதில் 10 செத்தோ வேறு வயலுக்குப் போயோ ஒழிந்தன என்று தாராளமாகக் கழித்தாலும் தாயோடு 5 மிஞ்சும். 5 × 75 = 375 ரூபாய். நட்ட புதிதில் விழும் ஒரு பெண் எலிக்கு அதுதான் மதிப்பு. ஆண் 75, பெண் 375, சராசரி 225.

ஆகவே எலி குறைவாக இருக்கும் நாளில் கூலியை ஏற்றிக் கொடுக்க வேண்டும். நடவு முடிந்த முதல் மாதத்தில் எலிக்கு 80 ரூபாய் கொடுங்கள். 5 எலி பிடித்தவருக்கு 400 கிடைக்கும். விவசாயி காப்பாற்றிக்கொள்வது 1,125. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைக்க வேண்டுமானால் இதை வையுங்கள்.

பிடிப்பவரின் கருவியும் உடல்நலமும் இதே கணக்கில் சேரும். செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதி இருளர்கள் மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, பானையின் ஓட்டையில் வாய் வைத்து ஊதி வளைக்குள் புகையேற்றி எலி பிடித்தார்கள். கை சுட்டது, புகை நெஞ்சை அடைத்தது. கையால் சுழற்றும் எஃகுப் புகைக்கருவி வந்தபோது, 40 விழுக்காடாக இருந்த பிடிப்பு 95 விழுக்காடாக உயர்ந்ததாகப் பதிவாகியுள்ளது. அதைப் பரப்ப உலக வங்கி 2003இல் 98,500 டாலர் நிதி வழங்கியது. தொழிலாளியின் நுரையீரலைக் காத்த கருவி விளைச்சலையும் சேர்த்துக் காத்தது.

மூன்றாம் வரி: மருந்து

மருந்து வைப்பதற்கு முன் வளையை எண்ண வேண்டும். மாலையில் எல்லா வளையையும் சேறு வைத்து அடையுங்கள். காலையில் திறந்திருப்பவைதான் உயிருள்ள வளை. ஏக்கருக்கு 15 திறந்திருந்தால் கணக்கு இது:

முதல் 2 நாள் மருந்தில்லா இரை: 15 × 20 கிராம் × 2 = 600 கிராம்
மூன்றாம் நாள் துத்தநாக பாஸ்பைடு கலந்த இரை: 15 × 10 கிராம் = 150 கிராம்
கலவை: 960 கிராம் குருணை, 20 கிராம் எண்ணெய், 20 கிராம் மருந்து
150 கிராம் இரையில் மருந்து: 3 கிராம்

ஏக்கருக்குத் தேவை 3 கிராம்தான். அதற்கு மேல் வாங்கியது வீட்டில் கிடக்கும் ஆபத்து. துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மாறும். அதற்கு முறிமருந்து இல்லை. எத்தனையோ குடும்பங்களை அழித்த பொருள் இது. வைக்க வேண்டிய அன்று, வைக்க வேண்டிய அளவுக்கு மட்டும், ஊர்க் குழுவாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடாது என்பதால் போகத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இதனால் பயனும் இல்லை.

புரோமடியோலோன் மெதுவாக, உடலுக்குள் இரத்தம் கசியவைத்துக் கொல்லும். வளைக்கு 15 கிராம் இரை. 15 வளைக்கு 225 கிராம். முறிமருந்தாக வைட்டமின் கே1 உண்டு. ஆனால் மருந்து தின்ற எலியைத் தின்னும் கூகைக்கும் நஞ்சு ஏறும். எந்த மருந்து வைத்தாலும் செத்த எலியைத் தேடியெடுத்து ஆழமாகப் புதைப்பது வேலையின் பாதி.

நான்காம் வரி: காசில்லாமல் வேலை செய்பவை

ஒரு கூகை இரவுக்கு 1 எலி பிடித்தாலே மாதம் 30. எலிக்கு 30 ரூபாய்க் கூலியில் அது 900 ரூபாய் வேலை. அது உட்கார டி வடிவக் குச்சியோ தலைகீழாக நட்ட தென்னை மட்டையோ போதும். கூகை கத்தினால் கேடு என்று கல்லெறிபவர்கள் மாதம் 900 ரூபாயைத் துரத்துகிறார்கள். சாரைப்பாம்பை அடிப்பதும் அப்படித்தான். கூகையை நம்புகிறவர் புரோமடியோலோன் வைக்கக் கூடாது; இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

வரப்பு அகலமும் உயரமும் 30 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எலி வளை தோண்ட இடமிருக்காது. வரப்பு வெட்டும்போதே செய்தால் தனிச் செலவு இல்லை.

ஐந்தாம் வரி: ஊருக்கு ஒன்று

மலேசியாவில் தொடங்கி வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் பரவியது வேலிப்பொறி. 25 × 25 மீட்டர் வயலில் மற்றவர்களுக்கு 2 அல்லது 3 வாரம் முன்பே நட்டு, சுற்றிலும் 100 மீட்டர் பிளாஸ்டிக் தடுப்பு கட்டி, ஓட்டைகளில் கூண்டு வைப்பார்கள். முதலில் முற்றும் பயிரைத் தேடி எலி வந்து மாட்டும். ஒரு வேலிப்பொறி 10 முதல் 15 எக்டேரைக் காக்கும். மொத்தம் 15,000 ரூபாய் ஆனாலும் 10 எக்டேருக்கு, அதாவது 25 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 600.

வாங்கக் கூடாதது

எலிக்காக வயலைச் சுற்றி இழுக்கும் மின்கம்பி. அது சட்டப்படி குற்றம். விடியலில் தண்ணீர் பாய்ச்ச வரும் மனிதரின் உயிரை வாங்கும். எந்தக் கணக்கிலும் அதற்கு வரி கிடையாது.

மொத்தம்: 10 ஏக்கர், ஒரு போகம்

40 கிட்டி (4 போகத்தில் ஒரு பங்கு): 500
அரிசி 6 கிலோ: 300
கூலி: 4,000
காலணி, கையுறை, விளக்கு (ஒருவருக்கு): 200
மொத்தம்: 5,000 ரூபாய்

நெல்லாகச் சொன்னால் 200 கிலோ, 5 சிப்பம். 5 விழுக்காடு இழப்பு என்பது 10 ஏக்கருக்கு 30 சிப்பம். அதில் பாதியைக் காத்தாலும் 15. செலவு போக 10 சிப்பம், 10,000 ரூபாய் மிச்சம். நடவுக்குப் பின் முதல் மாதம் எலிக்கு 80 ரூபாய் என்று கூலியை ஏற்றிக் கொடுப்பதற்கான பணம் இந்த மிச்சத்துக்குள்ளேயே இருக்கிறது.

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன் வயல் காய்ந்து கிடக்கையில் எலிகள் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கியிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் 10 ஏக்கர் வைத்திருப்பவர்கள் மே மாதத்திலேயே உட்கார்ந்து ஆளுக்கு ஏக்கருக்கு 500 ரூபாய் போட்டு, எலி பிடிப்பவரிடம் முதல் மாதம் எலிக்கு 80, பிறகு 30 என்ற இரண்டு கூலியையும் பேசி முடித்துவிட வேண்டும். இந்தச் செலவு கதிர் வருவதற்கு முன்பே நடந்தால்தான் பலன் தரும்.