பழைய போட்டோக்களுக்கு எந்த ஸ்கேனர்?

பீரோவின் மேல்தட்டில் கிடக்கும் ஆல்பங்களைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் பல வீடுகளில் வருவதுதான். ஸ்கேனர் வாங்கலாம் என்று கடைக்குப் போனாலும் இணையத்தில் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது ஓர் எண். 2400 டிபிஐ, 4800 டிபிஐ, 9600 டிபிஐ. எண் கூடக்கூட விலையும் கூடுகிறது, குழப்பமும் கூடுகிறது. அந்த எண்ணைச் சற்று ஒதுக்கிவிட்டு, வீட்டில் என்ன வகைப் படங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். எந்த ஸ்கேனர் வேண்டும் என்பதை அவைதான் சொல்லும்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். தட்டையாகக் கிடக்கும் தாள் பிரிண்டுகள் முதல் குவியல். தட்டையாகப் படியாதவை இரண்டாவது: தடித்த அட்டையில் ஒட்டிய பள்ளிக் குழுப்படம், ஓரம் சுருண்ட ஸ்டுடியோ படம், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பது. நெகட்டிவ்களும் ஸ்லைடுகளும் மூன்றாவது.

முதல் குவியல் மட்டும்தான் என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லாமல்கூடப் போகலாம். வீட்டில் ஸ்கேனும் செய்யும் ஆல்-இன்-ஒன் பிரிண்டர் இருந்தால், அதில் ஒரு படத்தை 600 டிபிஐயில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முகம் தெளிவாகவும் நிறம் மூலப்படத்துக்கு நெருக்கமாகவும் இருந்தால் அதுவே போதும். மற்ற இரண்டு குவியல்களில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் ஸ்கேனரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது எது?

வீட்டு ஸ்கேனர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று சிஐஎஸ். இதில் கண்ணாடிக்கு அடியிலேயே, அதன் முழு அகலத்துக்கும் ஒரு பட்டை ஓடும். எல்இடி விளக்கும் ஒளியை உணரும் சில்லுகளும் அந்தப் பட்டையிலேயே இருக்கும். கேனன் லைடு 300, லைடு 400, எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி39 எல்லாம் இந்த வகை. மெலிதாக இருக்கும், தனி மின்கம்பி வேண்டாம், கணினியின் யுஎஸ்பி கேபிளே மின்சாரமும் தரும். விலையும் குறைவு.

இன்னொன்று சிசிடி. படத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கண்ணாடிகளும் லென்சும் சுருக்கி ஒரு சிறிய சில்லின்மீது விழச் செய்யும். அதற்கு இடம் வேண்டும் என்பதால் இந்த ஸ்கேனர் உயரமாகவும் கனமாகவும் இருக்கும். எப்சன் வி600 இதற்கு உதாரணம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓர் எளிய சோதனையில் தெரிந்துவிடும். தடித்த புத்தகம் ஒன்றை விரித்துக் கண்ணாடிமேல் கவிழ்த்து ஸ்கேன் செய்யுங்கள். சிஐஎஸ் வகையில், கண்ணாடியைத் தொடும் வரிகள் கூர்மையாக விழும். நடுமடிப்பை நெருங்க நெருங்க எழுத்து கலங்கி, கடைசியில் வெறும் நிழலாகிவிடும். சிசிடி வகையில் கண்ணாடியை விட்டுச் சில மில்லிமீட்டர் எழும்பிய வரிகளையும் படிக்க முடியும். புத்தக மடிப்புக்கு நேர்வதுதான் சுருண்ட படத்துக்கும் நேரும். உங்களிடம் இரண்டாவது குவியல் பெரிதாக இருந்தால் சிசிடி பக்கம் போங்கள். அப்படி இல்லையென்றால் சிஐஎஸ் தாராளமாகப் போதும்.

நெகட்டிவ் விஷயம் வேறு. அதை ஊடுருவிச் செல்லும் ஒளி வேண்டும், அதாவது ஸ்கேனரின் மூடிக்குள்ளும் ஒரு விளக்கு இருக்க வேண்டும். லைடு 400, வி39 இரண்டின் பெட்டியிலும் 4800 டிபிஐ என்று போட்டிருக்கும். ஆனால் இரண்டின் மூடியிலும் விளக்கு கிடையாது, அவற்றில் பிலிமை ஸ்கேன் செய்ய முடியாது. வி600இன் மூடியில் விளக்கு உண்டு, பிலிமைப் பிடித்து வைக்கும் சட்டங்களும் கூடவே வரும். தூசியையும் கீறலையும் கண்டுபிடிக்க அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தும் வசதியும் அதில் இருக்கிறது. கலர் பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பை ஊடுருவ விடும், தூசி விடாது. எங்கே ஒளி தடைபடுகிறதோ அங்கே தூசி என்று மென்பொருள் புரிந்துகொண்டு அந்த இடத்தைச் சரிசெய்யும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும் என்பதால் அங்கே இந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

நெகட்டிவ்கள் கொஞ்சம்தான் என்றால், அவற்றை மட்டும் பிலிம் ஸ்கேன் செய்யும் போட்டோ லேப் ஒன்றில் கொடுத்துவிட்டு, தாள் படங்களுக்கு விலை குறைந்த ஸ்கேனர் வாங்கிக்கொள்வது லாபம்.

பழைய ஸ்கேனர் கைமாறி வந்தால் மூன்றைப் பாருங்கள். உங்கள் கணினியின் இன்றைய விண்டோஸ் அல்லது மேக் பதிப்புக்கு டிரைவர் கிடைக்கிறதா? இல்லையென்றால் வியூஸ்கேன் போன்ற, பல பழைய ஸ்கேனர்களோடு வேலை செய்யும் கட்டண மென்பொருள் கைகொடுக்கலாம். கண்ணாடியின் அடிப்பக்கம் மங்கலாகப் புகை படிந்தாற்போல் இருக்கிறதா? வெறும் வெள்ளைத் தாளை ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் கோடு விழுகிறதா?

எத்தனை டிபிஐ?

டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் ஸ்கேனர் எத்தனை புள்ளிகளை எடுக்கிறது என்ற கணக்கு. 1957இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர், கைக்குழந்தையான தன் மகனின் படத்தை உருளையில் சுற்றிக் கணினிக்குள் ஏற்றினார். கணினியில் ஏறிய முதல் புகைப்படம் அதுதான். ஐந்து சென்டிமீட்டர் சதுரம், 176க்கு 176 புள்ளிகள். இன்றைய கணக்கில் சுமார் 90 டிபிஐ. குழந்தையின் முகம் அதிலேயே அடையாளம் தெரிகிறது.

நமக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும், ஆனால் கடைக்காரர் சொல்லும் அளவுக்கு வேண்டாம். நாலுக்கு ஆறு அங்குலப் பிரிண்டை 300 டிபிஐயில் எடுத்தால் 1200க்கு 1800 புள்ளிகள். அதே அளவில் திரும்ப அச்சடிக்க அது போதும். 600 டிபிஐயில் 2400க்கு 3600. எட்டுக்குப் பன்னிரண்டாகப் பெரிதாக்கிச் சட்டம் போடலாம். அதற்கு மேல் போனால் பொதுவாகப் பயனில்லை. தாளில் இருப்பதற்கு மேல் ஸ்கேனர் எதையும் கொண்டுவர முடியாது. தாளின் சொரசொரப்பும் தூசியும்தான் பெரிதாகத் தெரியும். கோப்பு மட்டும் வீங்கும்: 600 டிபிஐயில் சுமார் 26 எம்பி ஆகும் டிஃப் கோப்பு 1200இல் சுமார் 104 எம்பி ஆகிவிடும்.

விதிவிலக்கு சின்னப் படங்கள். தாத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம்தான் என்றால் அதை 1200 டிபிஐயில் எடுங்கள். 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் படம் 300இல் சுமார் 2 லட்சம் புள்ளிகளோடு நின்றுவிடும், 1200இல் சுமார் 35 லட்சம் கிடைக்கும். 35 மி.மீ. நெகட்டிவுக்கு 2400 டிபிஐ நல்ல தொடக்கம், அதில் சுமார் 77 லட்சம் புள்ளிகள் வரும்.

பெட்டியில் ‘ஆப்டிகல்’ என்று குறிப்பிட்ட எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். ‘இன்டர்போலேட்டட்’ என்பது இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் ஊகித்து நிரப்பும் புள்ளிகள். படத்தில் இல்லாத விவரம் அதனால் வந்துவிடாது.

கண்ணாடிமேல் வைக்கும் முன்

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு படத்தை ஓரத்தில் பிடியுங்கள். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். கண்ணாடிமேல் நேராகத் தெளித்தால் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

ஒட்டும் பக்கமும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்களில் படம் பசையோடு பிடித்துக்கொண்டிருக்கும். வராத படத்தை இழுக்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே மெதுவாக அறுப்பதுபோல் ஓட்டினால் பெரும்பாலும் விட்டுவரும். அதற்கும் வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஈரத்தால் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும் பிரிக்கக் கூடாது; பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அதைக் கண்ணாடியோடு சேர்த்து சிசிடி ஸ்கேனரில் எடுக்கலாம்.

ஏ4 கண்ணாடியில் நாலுக்கு ஆறு படங்கள் மூன்று அடங்கும். மூன்றரைக்கு ஐந்து படங்கள் நான்கு அடங்கும். நடுவே விரல் அகல இடைவெளி விட்டால் பல மென்பொருள்கள் தாமாகவே தனித்தனியாக வெட்டிக் கொடுக்கும். கீழே பெயர்கள் அச்சிட்ட பள்ளிக் குழுப்படத்தை அந்தப் பெயர்வரிசையோடு சேர்த்து எடுங்கள். கண்ணாடியைவிடப் பெரிய படம் என்றால் இரண்டு பாதியாக, நடுவில் மூன்றில் ஒரு பங்கு இரண்டிலும் வருமாறு எடுத்து, பின்னர் கணினியில் இணைத்துவிடலாம். மூடியைச் சாத்த முடியவில்லையென்றால் கறுப்புத் துணியால் மூடுங்கள்.

அமைப்புகள்

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறிய நிறமும் ஸ்டுடியோக்காரர் கையால் தீட்டிய சாயமும் அப்படியே பதிவாகும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பூஜை அறையில் இருந்த படத்தில் குங்குமமோ மஞ்சளோ பட்டுக் கறையாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலர் ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அடுக்குகளால் ஆனது. போட்டோ திருத்தும் மென்பொருளில் சிவப்பு அடுக்கை மட்டும் தனியாகப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் அதில் வெளிறித் தெரிவதால், படத்தின் வெளிச்சமான பகுதிகளில் கறை ஏறக்குறைய மறைந்துவிடும். கறுப்பு வெள்ளையாகவே ஸ்கேன் செய்திருந்தால் இந்த வாய்ப்பே கிடையாது.

ஸ்கேனர் மென்பொருளில் தானாகக் கூர்மையாக்குவது, தானாகத் தூசி நீக்குவது, தானாகப் பளிச்சிட வைப்பது எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். பழைய கலர் படங்கள் சிவந்துபோனதற்குப் பெரும்பாலும் காரணம், ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தும் அவற்றின் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட வேகமாக மங்கியதுதான். அதைச் சரிசெய்ய ‘கலர் ரெஸ்டோரேஷன்’ போன்ற பொத்தான்கள் உண்டு, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் திருத்தாத பிரதி ஒன்றை முதலில் எடுத்துவிட்டு, திருத்தத்தை நகலில் செய்யுங்கள்.

சில பிரிண்டுகளின் தாள் தேன்கூடுபோல் சிறுசிறு மேடுபள்ளமாக இருக்கும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் பதிவாகி, படம் முழுக்கப் புள்ளி போட்டாற்போல் ஆகிவிடும். அதை ஒருமுறை நேராகவும், மறுமுறை தலைகீழாகத் திருப்பி வைத்தும் எடுத்து, கணினியில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பாதிப் பாதியாகக் கலந்தால் நிழல்கள் பெருமளவு அடங்கிவிடும். பத்திரிகையில் வந்த படத்துக்குத் தொல்லை வேறு: அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனர் புள்ளிகளும் மோதி அலையலையாகக் கோடு விழும். அதற்கு ‘டிஸ்கிரீன்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதை அச்சுக் காகிதத்துக்கு மட்டும் போடுங்கள். போட்டோவுக்குப் போட்டால் மங்கிவிடும்.

சேமிப்பதும் பகிர்வதும்

மூலப் பிரதிக்கு டிஃப் நல்லது. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும், டிஃப்பில் போகாது. நாலுக்கு ஆறு படங்கள் ஆயிரத்தை 600 டிபிஐயில் டிஃப்பாக வைத்தாலும் 26 ஜிபிதான் ஆகும். ஒரு பிரதி கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும்.

கோப்பின் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்: ‘1974_மதுரை_அத்தை கல்யாணம்_01’ என்று வைத்தால் காலவரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும். படத்தின் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து அதே பெயரோடு ‘பின்’ என்று சேர்த்துவிடுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களை மின்னாக்கம் செய்திருக்கிறது. அத்தகைய வேலைக்கு எந்த ஊர், எந்த ஸ்டுடியோ என்ற தகவல் படத்தைப் போலவே முக்கியம். வீட்டுக்கும் அப்படித்தான்: பெயர் தெரியாத முகம் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருவர்.

வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் அது சுருக்கப்பட்டுவிடும். ஸ்கேன் முடிந்த மூலப் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஈரமும் இராமபாணப் பூச்சியும் அண்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். பின்னாளில் வேறு கருவியில் திரும்ப எடுக்க வேண்டுமானால் அவைதான் வேண்டும்.

வேலையைத் தொடங்கும்போது எல்லா வகையிலிருந்தும் ஒன்றிரண்டாகப் பத்துப் படங்களை எடுத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, கூர்மை, நிறம், தூசி மூன்றையும் பாருங்கள். சரியாக வந்த அமைப்பை ஒரு தாளில் குறித்து ஸ்கேனர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, மிகப் பழைய படங்களிலிருந்து ஆரம்பியுங்கள். ஆர்வம் பாதியில் குறைந்தாலும், சீக்கிரம் அழியக்கூடியவை அதற்குள் பத்திரமாகியிருக்கும்.